எழுபத்தேழு கிரெய்ன்

உலகத்தில் முட்டாள்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அத்தனை பேரும் தன் கடைக்கே வந்து சேர்கிறார்கள் என்பது அந்தத் துப்பாக்கிக் கடைக்காரரின் தீராத குறை. வாடிக்கையாளர்கள் அவருக்கு வைத்த பெயர் புரொபசர்.

அன்று காலை ஒரு முட்டாள் வந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அண்ணே, நூறு மீட்டர்ல குறி தப்பவே கூடாது. கனமான குண்டு நல்லதா, லேசானது நல்லதா?"

"செருப்புக் கடையில போய், பெருசு நல்லதா சின்னது நல்லதான்னு கேப்பீங்களா? காலைக் காட்டணும்ல? துப்பாக்கி என்னது?"

"என்னோடது இல்லண்ணே, மாமனாரோடது." உரிமத்தையும் மாமனார் கையெழுத்திட்ட கடிதத்தையும் நீட்டினார். எல்லாம் ஒழுங்காகவே இருந்தன.

உரிமத்தில் இருந்தது, குண்டை மெதுவாகச் சுழற்றிவிடும் குழலுள்ள பழைய மாடல் துப்பாக்கி. லேசான குண்டுதான் அதற்குச் சேரும். ஐம்பத்திரண்டு கிரெய்ன் எடையுள்ள குண்டுப் பெட்டியை எடுத்தபடியே புரொபசர் கேட்டார்.

"வழக்கமா வாங்குற கடை என்னாச்சு?"

"அவர் மாமனாருக்குச் சிநேகிதர். விஷயம் வெளியில போயிடும்." வந்தவர் குரலைத் தாழ்த்தினார். "ஒன்பது வருஷம்ணே. ஒரு ஞாயித்துக்கிழமை எனக்குன்னு கிடையாது. பையைத் தூக்கு, குடையைப் பிடி. போதாததுக்கு நாலு பேர் முன்னால, 'மாப்பிள்ளை, நீங்க எதுக்குத்தான் லாயக்கு?' வர்ற ஞாயித்துக்கிழமையோட கதையை முடிச்சிடணும்."

பெட்டியை எடுத்த கை அந்தரத்தில் நின்றது.

மாமனாரின் துப்பாக்கியாலேயே மாமனாரையா! அதையும் கடையேறி வந்து வாய்விட்டுச் சொல்கிறதே இந்தப் பிரகஸ்பதி!

போலீஸுக்குப் போன் செய்யலாம். போன வருஷம் இப்படித்தான், 'தீர்த்துக்கட்டணும்' என்று முணுமுணுத்த ஒருவரைப் பிடித்துக் கொடுத்தார். அவர் தீர்க்க நினைத்தது தோட்டத்தை நாசமாக்கிய பன்றியை. ஸ்டேஷனில் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்காக, முகம் தெரியாத ஒரு மனுஷரைச் சாகவா விடுவது? புரொபசர் கையிலிருந்த பெட்டியை வைத்துவிட்டு எழுபத்தேழு கிரெய்ன் பெட்டியை எடுத்தார். அந்தக் குழலில் இவ்வளவு கனமான குண்டைப் போட்டால் நேராகப் போகாது. குடித்தவன் மாதிரி தள்ளாடிப் போகும். நூறு மீட்டரில் யானை நின்றாலும் பிழைத்துக்கொள்ளும்.

"இதுதான் உங்களுக்குச் சரி," என்றார் தேன் ஒழுக.

மாப்பிள்ளை கும்பிடாத குறையாக வாங்கிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை பேப்பரைப் புரொபசர் வரி விடாமல் படித்தார். எந்த மாமனாரும் சாகவில்லை. ஓர் உயிரைக் காப்பாற்றியவர் குடிக்கிற தோரணையில் இரண்டு டீ குடித்தார். இந்த மண்டூகங்களை மேய்க்க மண்டையில் மசாலா வேண்டும் என்று தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டார்.

மறுநாள் மாப்பிள்ளை வந்து நின்றார். முகமெல்லாம் பல்.

"மாமனார்... எப்படி இருக்கார்?"

"குத்துக்கல்லாட்டம் இருக்கார்ணே! ஞாயித்துக்கிழமை கிளப்புல கோப்பைக்கான போட்டி. கண்ணாடி போட்டா வயசு தெரிஞ்சிடுமாம், பெட்டியில என்ன எழுதியிருக்குன்னுகூடப் பார்க்காம சுட்டார். பாதி குண்டு குறி அட்டையிலேயே படல. பட்டதும் படுக்கைவாட்டுல. காத்தைத் திட்டினார், குடையைத் திட்டினார், இனி இந்தச் சனியனைத் தொடமாட்டேன்னு துப்பாக்கியை விக்கச் சொல்லிட்டார். இனிமே என் ஞாயித்துக்கிழமை எனக்கு!"

புரொபசர் குரலைத் தாழ்த்தினார். "அப்போ... கொலை?"

"அட, அது சும்மாண்ணே! இந்தத் துப்பாக்கிக்கு ஒத்துவராத குண்டு குடுங்கன்னு மூணு கடையில நேராவே கேட்டேன், துரத்திவிட்டுட்டாங்க. கொலைகாரன் மாதிரி பேசினதும், கேக்காமலே எடுத்துக் குடுத்தது நீங்க ஒருத்தர்தான்."