பின்னணி இரைச்சல்

கல்லூரி இணையதளத்தில் இருக்கும் நான் வீட்டிலிருந்து எடுத்த பழைய இணைய வகுப்பின் காணொளியை நாளை அழித்துவிடுவார்கள். அதைத் திரையிலிருந்து பதிவு செய்ய, தென்காசிக் கணினிக் கடையில் பாண்டிராஜ் இரண்டு மென்பொருள்களைச் சோதித்துக் காட்டினான்.

“ரெண்டாவதுதான் சார் சூப்பரு. இரைச்சல பூரா அழிச்சிட்டு, உங்க குரல மட்டும் பதியுது.”

“முதலாவதையே போடு.”

“அதுல குக்கர் விசிலு கேக்குது. போதாததுக்கு ஒரு பொம்பளை, ‘சாரல் விழுது, துணிய எடுக்காம அங்கன யாருக்குப் பாடம் நடத்துதிய’ன்னு கத்துதாவ. பாடம் கேக்குற பிள்ளையெல்லாம் சிரிக்கும் சார்.”

“அது என் சம்சாரம்.”

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். “அப்ப லேசாப் போச்சு. அக்காட்ட சத்தம் போடாதீயன்னு சொல்லிட்டு, வீட்ல புதுசா ஒரு வகுப்பு எடுத்துருங்க.”

“போன தையில அவ செத்துட்டா, பாண்டி. வேற எதுலயும் அவ குரல் எங்கிட்ட இல்ல.”

பாண்டிராஜ் முதலாவதைத் திறந்து ஒலியைக் கூட்டினான்.