முகமில்லாத படகோட்டி

முதுநகர் மீனவர் குடியிருப்பில் விளக்குப் போடும் நேரம். டிவியின் நீல வெளிச்சம் ஜோதிலட்சுமியின் முகத்தில் அலைகிறது. சீரியலில் இன்று இளவரசி பாதாள லோகத்துக்குப் புறப்படுகிறாள். போகிற வழி பிச்சாவரம் காடுதான். சுரபுன்னை வேர்களுக்கு நடுவே வாய்க்கால் கறுத்துக் கிடக்கிறது. மேலே புகை மிதக்கிறது. புகையை விலக்கிக்கொண்டு ஒரு படகு வருகிறது. துடுப்புப் போடுகிறவனின் முதுகு மட்டும் தெரிகிறது, இடது தோளில் தீக்காயத் தழும்போடு. அது ஜோதிலட்சுமியின் புருஷன் சுரேந்தர். ஷூட்டிங் முடிந்த மறுமாதம் கடலுக்குப் போனான். வலை மட்டும் கரை ஒதுங்கியது.

"மாமா, வாங்களேன். அவரு வராரு டிவியில."

மாமனார் காசிநாதன் வாசலிலிருந்து தடுமாறி எழுந்து வந்து, சுவரைப் பிடித்து நிற்கிறார். தண்ணீரில் துடுப்பு விழும் சத்தத்தை வயலின் மூடிவிடுகிறது. இளவரசி அழுகிறாள்.

"இந்தப் பக்கம் திரும்புவானாம்மா?"

"திரும்பக் கூடாதுன்னு டைரக்டர் சொல்லிட்டாராம் மாமா. அந்தப் படகோட்டிக்கு மொகமே கெடையாதாம்."

முதுகு சின்னதாகிக்கொண்டே போய் வேர்களின் இருட்டில் கரைகிறது. சோப்பு விளம்பரம் வருகிறது. நுரைக்குள் ஒரு குழந்தை சிரிக்கிறது. இருவரும் அதையும் இமைக்காமல் பார்க்கிறார்கள்.

விளம்பரம் முடிகிறது. பாதாள லோகம் பொன்னாய் ஜொலிக்கிறது. மாளிகை வாசலில் இளவரசி தனியாக நிற்கிறாள்.

"படகு எங்கம்மா?" என்கிறார் காசிநாதன்.

ஜோதிலட்சுமி திரையின் மூலை முடுக்கெல்லாம் தேடுகிறாள். அந்த மாளிகையைச் சுற்றி எங்கேயும் தண்ணீரே இல்லை.