விமானப் பெட்ரோல் குடித்த கார்

விமானக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே நிற்பதால், அந்தப் பழைய காருக்குத் தானும் பாதி விமானம் என்ற நினைப்பு. "உங்க பெட்ரோல் ஒரு வாய் கிடைச்சா நானும் எழும்பிடுவேண்ணே," என்று குட்டி விமானத்திடம் ஓயாமல் சொல்லும்.

ஒருநாள் காரில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. பைலட் எட்வின் அவசரத்துக்கு விமானப் பெட்ரோலையே ஊற்றினார். அவ்வளவுதான், கார் தலைகால் புரியாமல் பாய்ந்தது. வாசலில் இருந்த வேகத்தடை அதைத் தூக்கி எறிந்தது. நாலு சக்கரமும் தரையில் இல்லை! அடுத்த நொடியே தடாலென்று விழுந்து அச்சு முறிந்தது.

கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

"பறந்தியா?" என்று கேட்டது விமானம்.

கார் வெட்கத்தோடு சிரித்தது. "பறந்தேண்ணே, ஒரு சாண் உயரம். இறங்குறதுக்கு எந்தப் பெட்ரோல்னு கேக்க மறந்துட்டேன்."