அரை அங்குலம்

அழகு என்ற பெயரில் பெண்களுக்கு முதலில் காலை முறிக்கும் செருப்பு வந்தது. அடுத்து மூச்சை நெரிக்கும் இடுப்புப்பட்டை. அதற்கும் அடுத்துப் பட்டினி. குண்டூசித் தோழர்களிடம் வரிசை பிசகாமல் சொல்லி முடித்தது கிழட்டு அளவுநாடா. ஆனால் அன்றைய ஆடை அணிவகுப்புக்குத் தைத்த மயில்நீலக் கவுனைக் கண்டதும் அதன் குரல் இளகியது.

"உன்னை மாதிரி ஒரு அழகை நான் அளந்ததே இல்ல, தாயி. உள்தையலை அரை அங்குலம் பிரிச்சுவிடச் சம்மதிச்சிரு. இல்லேன்னா உன்னைப் போட்டு நடக்க வந்த பொண்ணைத் துரத்திடுவாங்க."

"நான் கலை, பெரிசு. அவளை இளைக்கச் சொல்லு."

பெண்ணைத் துரத்தினார்கள். கவுனை மரப்பொம்மைக்கு மாட்டி மேடையேற்றினார்கள். நாடாவுக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனாலும் கவுனிலிருந்து பார்வையை எடுக்க முடியவில்லை.

நிறைந்த சபைக்குக் கேட்கும்படி அறிவிப்பாளர் கவுனின் பெயரை வாசித்தார்: "பெண்."