மீனுக்கு வீசும் காற்று

வேங்கிக்கால் வாடகை வீட்டுக் கூடத்தில், கத்திரி வெயில் சன்னல் கம்பிகளைத் தரையில் கட்டம் கட்டமாகப் போட்டிருக்கிறது. புதிதாக வைத்த கண்ணாடித் தொட்டியில் உப்பு கரைத்த தண்ணீர், பவளப்பாறைத் துண்டு ஒன்று, சென்னையிலிருந்து பஸ்ஸில் அன்பரசன் மடியில் உட்கார்ந்து வந்த ஆரஞ்சு மீன். வீட்டின் ஒரே ஃபேன் தொட்டியைப் பார்த்துச் சுற்றுகிறது. சூடு ஜாஸ்தியானால் கடல் மீன் செத்துவிடுமாம். ஏழு மாத வயிற்றோடு அவன் மனைவி கவிநிலா சுவரோரம் உட்கார்ந்து பனைவிசிறியால் வீசிக்கொள்கிறாள். வளைகாப்பு வளையல்கள் கை நிறையச் சலசலக்கின்றன. “சத்தமில்லாம வீசேன், மீன் மிரளுது,” என்கிறான். வளையல்கள் இன்னும் வேகமாகக் குலுங்குகின்றன. அப்போது கரண்ட் போகிறது. தொட்டியின் தெர்மாமீட்டரைக் குனிந்து பார்த்தவன், நேரே வந்து அவள் கையிலிருந்த விசிறியைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தண்ணீருக்கு வீசுகிறான். விசிறி போன அவளுடைய கை தூக்கியபடியே நிற்கிறது. ஒரு வளையலும் சத்தம் போடவில்லை. “எங்கப்பா வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போக வரேன்னாரு. போன் பண்ணி இன்னைக்கே வரச் சொல்லுங்க.” அவன் திரும்பாமலே வீசுகிறான். “சொல்றேன். கரண்ட் வரட்டும்.”