இசைத்தட்டுக்கு ஏற்ற பீர்

ஒரு வீட்டு அலமாரியில் ஹெவி மெட்டல் இசைத்தட்டு ஒன்று இருந்தது. அதன் இரைச்சலுக்கு எந்த பீர் பொருந்தும் என்று பார்ப்பதுதான் வீட்டுக்காரனின் ஞாயிற்றுக்கிழமை வேலை. அந்த வாரம், சின்ன ஆலை ஒன்றில் காய்ச்சிய கறுப்பு பீர் வந்து பக்கத்தில் நின்றது.

"இப்படியொரு கசப்பை நான் பார்த்ததே இல்லை. எனக்கென்றே பிறந்தவள் நீ" என்றது இசைத்தட்டு.

கறுப்பு பாட்டிலுக்குத் தலைகால் புரியவில்லை. மூடியை நெம்பியபோதுகூட அது முனகவில்லை. பாட்டு முடிவதற்குள் வீட்டுக்காரன் அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, மேசைக்கடியில் கிடந்த சாக்குக்குள் போட்டான்.

உள்ளே நாற்பது காலி பாட்டில்கள். "நான்தான் அந்தத் தட்டுக்கு ஜோடி" என்று பீற்றிக்கொண்டது கறுப்பு பாட்டில். யாரும் சிரிக்கவில்லை.

"எனக்கென்றே பிறந்தவள் என்று அந்தத் தட்டு சொன்னதா?" என்று மட்டும் கேட்டது ஒரு பழைய பாட்டில்.

அடுத்த ஞாயிறு அலமாரியில் செம்மஞ்சள் பாட்டில் ஒன்று வந்து நின்றது. இசைத்தட்டு அதனிடம் பேசியது சாக்குக்குள்ளும் கேட்டது. ஒரு சொல்கூட மாறவில்லை.

"நம்பாதே, மூடியைத் திறக்க விடாதே!" என்று நாற்பத்தொரு பாட்டில்களும் தொண்டை கிழியக் கத்தின. அதே நொடியில் ஊசி தட்டில் இறங்கியது.

செம்மஞ்சள் பாட்டில் சொக்கிப்போய்ச் சொன்னது: "அடேயப்பா, பின்பாட்டுக்கே எத்தனை பேர்!"