மேஸ்திரியின் மூக்கு

“இன்னும் இருக்கா மாப்பிள்ளை?”

“இருக்கு மச்சான். குடலைப் புரட்டுது.”

“அப்போ ஒருத்தனும் இறங்கக் கூடாது. மேனேஜரே வந்து காலைப் பிடிச்சாலும் சரி!”

தோல் பதனிடும் ஆலையின் பின்பக்கம், கழிவுநீர்த் தொட்டியின் இரும்பு மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு மேஸ்திரியும் ஃபிட்டரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நாற்றம் தெருவுக்குப் போனால் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருகிறார்கள் என்று தொட்டியைச் சுற்றிக் கூரைவரை தகரம் அடித்திருந்தார்கள். உள்ளே பன்னிரண்டு அடி ஆழத்தில், சேறும் ரோமமும் அடைத்துக்கொண்டு பம்ப் நின்றுபோயிருந்தது.

இறங்க வேண்டியவன் ஃபிட்டர். மேஸ்திரியின் தங்கையைக் கட்டியவன். அதனால் மேஸ்திரிக்கு மட்டுமில்லை, ஆலைக்கே அவன் மாப்பிள்ளைதான். தங்கைக்கு இது ஏழாம் மாதம். “அண்ணா, உன்னை நம்பித்தான் அவரை வேலைக்கு அனுப்பறேன்” என்று காலையில் அவள் போனில் சொன்னதிலிருந்து மேஸ்திரி அவனை விட்டு ஓரடி நகரவில்லை.

போன வாரம்வரை மனுஷன் இப்படிப் பயப்படுகிற ஆளே இல்லை. “மூக்கைப் பொத்திக்கிட்டு இறங்குடா, என்ன செத்தா போயிடுவே?” என்கிற ரகம். அவரை மாற்றியது புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரி. ஆலையில் எல்லோரும் அவருக்கு மாஸ்க் மேடம் என்று பேர் வைத்துக் கிண்டலடித்தார்கள். திங்கட்கிழமை அவர் நடத்திய வகுப்பில் மேஸ்திரிக்கு முதல் வரிசை.

“தொட்டியிலே விஷ வாயு உண்டாகும். அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். அந்த நாத்தம் வந்தா யாரும் உள்ளே காலை வைக்கக் கூடாது” என்று மேடம் சொன்னது மேஸ்திரியின் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. மேடம் மேற்கொண்டு சொல்வதற்குள், லாரி வந்துவிட்டது என்று மேனேஜர் மேஸ்திரியை எழுப்பிக்கொண்டு போய்விட்டார். வகுப்புக்கு வந்ததற்குக் கையெழுத்துதான் முதலிலேயே வாங்கியாகிவிட்டதே, அப்புறம் என்ன!

இப்போதும் அதே மேனேஜர்தான் தகரக் கதவுக்கு வெளியிலிருந்து குரல் கொடுத்தார்.

“என்னய்யா, இன்னுமா இறங்கலை? அஞ்சு மணிக்குள்ளே பம்ப் ஓடலைன்னா தண்ணி ரோட்டுக்கு வந்துடும்!”

“நாத்தம் போகட்டும் சார்.”

“சாக்கடைத் தொட்டி நாறாம ரோஜாவா மணக்கும்?”

“மேடம் சொல்லியிருக்காங்க சார். இவனுக்கு ஒண்ணுன்னா என் தங்கச்சி மூஞ்சியிலே நான் எப்படி முழிப்பேன்? நீங்க பதில் சொல்வீங்களா?”

மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். முப்பது வருஷத்தில் மேஸ்திரி அவரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

மறுபடியும் இருவரும் மோப்பம் பிடிக்க உட்கார்ந்தார்கள். மேஸ்திரி ஒரு தடவை குனிந்து மூச்சை இழுப்பார். மாப்பிள்ளை ஒரு தடவை இழுப்பான்.

“கொஞ்சம் கம்மியாயிருக்கு மச்சான்.”

“எனக்கும் அப்படித்தான் தெரியுது. அவசரப்படாதே, இரு.”

அந்த நேரம் பார்த்து லாரி டிரைவர் ஒருவன் சரக்குச் சீட்டில் கையெழுத்து வாங்க வந்தான். கதவைத் தாண்டினானோ இல்லையோ, கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டான். “அய்யய்யோ, எப்படித்தான் உட்கார்ந்திருக்கீங்களோ!” என்று கையெழுத்தை வாங்கிக்கொண்டு ஓட்டமாக ஓடினான்.

“துரைக்கு எல்லாமே ஓவர்தான்” என்றார் மேஸ்திரி. மாப்பிள்ளை சிரித்தான்.

இன்னும் ஐந்து நிமிஷம் போயிற்று. மாப்பிள்ளை குனிந்து முகர்ந்துவிட்டு, “இப்போ ஒண்ணுமே இல்லை மச்சான்” என்றான். மேஸ்திரிக்கு அவன் பேச்சில் நம்பிக்கை இல்லை. வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்கு ஓட நினைக்கிறவன் எதையும் சொல்வான். தானே தொட்டியின் வாய்க்குள் தலையை நீட்டி, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தார். ஒன்றுமே இல்லை.

“சரி, இறங்கு. ஏணி வழுக்கும், பார்த்துக் காலை வை.”

“தங்கச்சி புருஷன்னதும் என்ன அக்கறை பாருங்க!” என்று கண்ணடித்துவிட்டு மாப்பிள்ளை இறங்கினான். கொஞ்ச நேரத்தில் கீழே ஸ்பேனர் தட்டும் சத்தம் கேட்டது.

மேஸ்திரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இந்த நல்ல சேதியை மேடத்திடம் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. அன்றைக்கு அவர் வேறொரு ஆலைக்குப் போயிருந்தார். மேஸ்திரி கதவோரமாக வந்து அவருக்குப் போன் போட்டார்.

“மேடம், நீங்க சொன்னதை அப்படியே செஞ்சிருக்கேன். மேனேஜர் குதியா குதிச்சார், நான் மசியலையே! முட்டை நாத்தம் சுத்தமா போற வரைக்கும் உட்கார்ந்திருந்து, அப்புறம்தான் மாப்பிள்ளையைத் தொட்டியிலே இறக்கியிருக்கேன்.”

அந்தப் பக்கம் பாராட்டு வரவில்லை. ஒரு நாற்காலி விழும் சத்தம்தான் வந்தது.

“ஐயோ! அவரை மேலே கூப்பிடுங்க! உடனே கூப்பிடுங்க!”

“எதுக்கு மேடம்? நான்தான் பக்கத்திலேயே இருக்கேனே. துளி நாத்தம்கூட இல்லை மேடம், சத்தியமா!”

தொட்டிக்குள் ஸ்பேனர் சத்தம் நின்றிருந்தது.

“நாத்தம் அப்படியேதான் இருக்கு மேஸ்திரி, அந்த வாயுவிலே செத்தது உங்க மூக்கு!”